குழல்வாய்மொழி சார்

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். சத்தம் போட்டுச் சொல்லுகிற கதை இல்லை இது. நடந்தது என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை. ஒரு பெரியவர் மத்தியானம் மூன்று மணியிலிருந்து ஐந்து மணி வரைக்கும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து புத்தகங்களில் கையெழுத்துப் போட்டார், அவ்வளவுதான். கை அது பாட்டுக்கு எழுதிக்கொண்டிருந்தது. மனசு எங்கெங்கே போய் முட்டிக்கொண்டு நின்றது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

திருநெல்வேலிப் புத்தகக் கண்காட்சியில் நூற்றிப் பதினேழாம் கடை. மேலே தகரக் கொட்டகை. மாசி வெயில் அதில் விழுந்து உள்ளே ஆளை அவிக்கிறது. மூலையில் நிற்கிற ராட்சதக் காற்றாடி அந்த வெக்கையையே அள்ளி அள்ளி மூஞ்சியில் எறிகிறது. அந்தப் பெரியவர் ஆவுடையப்பன் தலைக்கு மேலே பிளக்ஸ் தட்டியில் இன்னொரு ஆவுடையப்பன் பத்து வயசு குறைச்சலாகச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்த மீசைக்குக் கீழே, ரத்தம் சொட்டுகிற எழுத்தில், ‘குழல்வாய்மொழி’ என்று போட்டிருந்தது. மைக்கில் ஒரு பொண்ணு அரைமணிக்கு ஒருதரம், “துப்பறியும் நாவல் மன்னர் குழல்வாய்மொழி அவர்கள் தமது இருநூற்றுப் பன்னிரண்டாவது நாவலான ‘சாரல் நேரத்துச் சடலம்’ நூலில் கையெழுத்திடுகிறார்” என்று பாடம் ஒப்பிக்கிற மாதிரிச் சொன்னது. மன்னராம். பெண்டாட்டி கேட்டிருந்தால், “மன்னர் வேட்டியில புளிக்கொழம்பு சிந்திருக்கு, தொடைங்க” என்றிருப்பாள். தன்னையறியாமல் குனிந்து வேட்டியைப் பார்த்தார். கறை ஒன்றும் இல்லை. நாற்பத்தோரு நாளாக அந்த வீட்டில் புளிக்குழம்பு கொதிக்கவில்லை, அப்புறம் கறை எங்கேயிருந்து வரும்? “குழல்வாய்மொழி சார், என் பேரு இசக்கிராஜ், பேரு போட்டு எழுதிக் குடுங்க” என்று ஒருத்தர் புத்தகத்தை விரித்து நீட்டினார். எழுதினார். அன்புடன், குழல்வாய்மொழி. செத்துப்போன பெண்டாட்டியின் பேரை இன்றைக்கு எத்தனை தரம் எழுதியாகிவிட்டது, அவள் உயிரோடு இருந்தபோது அவளுக்கென்று ஒரு கடிதத்தில்கூட அந்தப் பேரை எழுதினதில்லையே, எழுத எங்கே வாய்த்தது, ஒருநாள் பிரிந்திருந்தால்தானே. “வீட்டம்மா பேருலதான் எழுதுறீங்களாமே சார், அவ்வளவு பிரியமா? எம் பொண்டாட்டி பேரு மாரியாத்தா, அந்தப் பேருல நான் எழுதினா பத்திரிகைக்காரன் கோயில் கொடை நோட்டீசுன்னு நெனைச்சுக்கிடுவான்” என்று இசக்கிராஜ் சொல்ல, வரிசையில் நின்ற நாலு பேர் சிரித்தார்கள். “அம்மா வரலையா சார்?” “வரலை” என்றார் ஆவுடையப்பன். பொய் இல்லை. வரலை. வரலை என்கிற சொல்லை நாக்கு விடமாட்டேன் என்கிறது, முள் மாதிரி, வரலை, வரலை.

பெண்டாட்டி பேரில் எழுதுவது அந்தக் காலத்து எழுத்துக்காரர்களில் நிறையப் பேருக்கு வழக்கம், அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. இருநூற்றுப் பதினோரு கொலையையும் செய்தது அவள்தான் என்று எவனுக்குத் தெரியும்? தென்காசி வீட்டில் நடுக்கூடத்தில் கால் நீட்டி உட்கார்ந்து, மடியில் பீடித் தட்டு, கத்தரிக்கோல் இலையை வெட்டும், விரல் தூளை வைத்துச் சுருட்டும், நூல் சுற்றும், அவள் மண்டை மட்டும் எங்கேயோ ஒரு பூட்டின அறைக்குள் ஒருத்தனை விஷம் வைத்துக் கொன்றுகொண்டிருக்கும். “கை சும்மா இருந்தா புத்தி தூங்கிரும்” என்பாள். அஞ்சாம் வகுப்பு. இவர் பஸ் டிப்போவில் நேரம் குறிக்கிற வேலை, எழுத்துச் சுத்தம், அதனால் எழுதுகிறது இவர் பாடு. ஒரு நாளைக்கு ஒரு அத்தியாயம் சொல்லுவாள். கொலைகாரன் யாரென்று மட்டும் சொல்லமாட்டாள். முதல் நாவலில் சொன்னாள், அதோடு கெட்டது. கம்பவுண்டர்தான் கொலைகாரன் என்று தெரிந்ததும் இவர் கை கூசிப்போய், கம்பவுண்டர் வருகிற இடமெல்லாம் ‘தங்கமான மனுஷன்’ என்று எழுதித் தள்ளிவிட்டது. அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு கார்டு வந்தது: ‘இந்தக் கம்பவுண்டரை எதுக்குவே இத்தனை தரம் நல்லவன்னு சொல்லுதீரு? மூணாம் அத்தியாயத்துலயே பிடிச்சுட்டேன்.’ கார்டைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு அவள் சிரித்த சிரிப்பில் பீடித் தட்டு கவிழ்ந்தது. “உங்க கைக்குப் பொய் வராது. இனிமே உங்களுக்கே சொல்லமாட்டேன். மொத ஏமாளி நீங்கதான், அப்புறந்தான் ஊரு.” அன்றிலிருந்து கடைசி அத்தியாயத்தன்றைக்குத்தான் இவருக்குத் தெரியும். ஒவ்வொரு மாசமும் இவர் ஒரு பேர் சொல்லுவார். ஒவ்வொரு மாசமும் அவள், “அய்ய, இந்த மூளையை வச்சுக்கிட்டு எப்படித்தான் பஸ்ஸை டயத்துக்கு விட்டீகளோ” என்பாள். ஒரு தரம், ஒரே ஒரு தரம்கூட இவர் சரியாகச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் உளுந்தங்களி கிண்டித் தருவதாகப் பந்தயம். பந்தயக் களியை நாக்கில் வைக்காமலே இருநூற்றுப் பத்து மாசம் போனது.

“அண்ணாச்சி, மோர் குடிங்க, மூஞ்சி வெளிறிக் கெடக்கு” என்று ஜமால் பாய் தம்ளரை வைத்தார். பதிப்பாளர். அவருடைய வாப்பா காலத்திலிருந்து பழக்கம், அட்டைப் படத்தை முதலில் அடித்துவிட்டு அப்புறம்தான் கதை கேட்கிற குடும்பம். அடுத்த மாச விளம்பரம் இந்த மாசப் புத்தகத்திலேயே வந்துவிடும், பேர் வந்தாகிவிட்டால் கதை வந்தே ஆகவேண்டும், கல்யாணப் பத்திரிகை அடித்த மாதிரி. அதனால்தானே வந்தது வினை. தை மாசம், இருபத்தோரு அத்தியாயம் சொல்லி முடித்திருந்தாள், ஒன்றே ஒன்று பாக்கி, பாய் போன் மேலே போன், அன்றைக்கு மத்தியானம் இவருக்குக் கோபம் வந்துவிட்டது. “ஏளா, சொல்லித் தொலையேன், யாரு கொன்னது?” அவள் வாயில் கற்கண்டு கிடந்தது, அவளுக்குக் கொஞ்ச நாளாக அப்படி ஒரு பழக்கம், பீடித்தூள் கமறுகிறது என்று ஒரு சின்ன டப்பாவிலிருந்து எடுத்து நாக்குக்கு அடியில் ஒதுக்கிக்கொள்வாள். கத்தரிக்கோலைத் தட்டில் வைத்தாள். அப்புறம், “நூல் தீந்துபோச்சு, சந்தை முக்குல போயி ஒரு கண்டு வாங்கிட்டு வாங்க, வந்ததும் சொல்லுதேன்” என்றாள். போனார். பின்னாலேயே அவள் எழுந்து வந்து கதவுக்குக் கொண்டி போடுகிற சத்தம் கேட்டது, முணுமுணுத்துக்கொண்டே போனார். வழியில் பழைய டிரைவர் சண்முகவேலு பிடித்துக்கொண்டான், டீ, அரசியல், அவன் மருமகன் கதை, நாற்பது நிமிஷம். இந்த நாற்பது நிமிஷத்தைத் தாண்டி மனசு போகமாட்டேன் என்கிறது, மாடு செக்கைச் சுற்றுகிற மாதிரி அதையே சுற்றுகிறது, டீயைப் பாதியில் வைத்திருந்தால், சண்முகவேலு வேறு தெருவில் வந்திருந்தால். திரும்பி வரும்போது தெருமுக்கிலிருந்தே பார்த்துவிட்டார், கதவு ஒருச்சாய்ந்து திறந்து கிடக்கிறது, வாசப்படியில் ஒரு குரங்கு, கையில் தேங்காய்ச் சில்லு. அந்தப் பக்கத்து ஊர்களில் பகலிலும் கதவை உள்ளே கொண்டி போட்டுத்தான் வைத்திருக்கவேண்டும், குற்றாலத்துக் குரங்கு ஒன்று உள்ளே நுழைந்தால் அடுப்படியைத் துவம்சம் பண்ணிவிடும். கொண்டி போடாமல் அவள் ஒரு நாள் இருந்ததில்லை. “ஏளா! கதவைத் தெறந்து போட்டுட்டு என்ன ஒறக்கம் உனக்கு!” என்று தெருவிலிருந்தே கத்திக்கொண்டு வந்தார். செத்தவளைப் பார்த்துக் கத்தியிருக்கிறார். சுவரில் சாய்ந்து, பீடித் தட்டை மடியில் வைத்தபடி, தலை மட்டும் கொஞ்சம் சரிந்து. மாரடைப்பு, நிமிஷத்தில் போயிருக்கும் என்றார் டாக்டர். அப்புறம் பார்த்தால் தட்டிலேயே ரெண்டு நூல்கண்டு பிரிக்காமல் இருந்தது.

“இந்தக் கடைசி அத்தியாயம் இருக்கே, குழல்வாய்மொழி சார், அடிச்சுட்டீங்க! புருஷன்தான் கொன்னான்னு நான் நெனைக்கவே இல்லை.” வழுக்கைத் தலை, தோளில் துணிப்பை. நன்றி என்று சொல்லி அவள் பேரை எழுதினார். ஒவ்வொரு புகழ்ச்சியும் செவிட்டில் விழுந்த அறை மாதிரி இருந்தது. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் பாய் தயங்கித் தயங்கிப் போன் பண்ண, சரி என்று உட்கார்ந்தார். அவள் முடிவை எங்கேயாவது ஒளித்து வைத்திருப்பாளோ என்று இலைக்கட்டு, அரிசிப் பானை, சாமி படத்துக்குப் பின்னால், எல்லா இடமும் தடவிப் பார்த்தாயிற்று. ஒன்றுமில்லை. அவளுடைய கற்கண்டு டப்பா மட்டும் மடியிலிருந்து எடுத்தது எடுத்தபடி இவர் சட்டைப் பையில் இருந்தது. உயிரோடு இருக்கும்போது ஒரு தரம் ஒன்று கேட்டதற்கு, “இது என் எச்சி டப்பா, தொடாதீக” என்று வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள், தொடாதே என்றால் தொடவில்லை, திறக்காமலே வைத்துக்கொண்டு திரிகிறார். கதையில் குற்றாலத்துச் சீசன் பங்களாவில் கனகாம்புஜம் என்கிற பணக்காரி நாற்காலியில் செத்துக் கிடக்கிறாள். உள்ளே கொண்டி போட்டிருந்த கதவு, கொண்டி எடுத்திருக்கிறது. யாருக்குக் கதவைத் திறந்தாள்? தம்பியா, சமையல்காரனா, வக்கீலா, வெளியே போயிருந்த புருஷன் சபாபதியா? சமையல்காரன் கூடாது, “சோத்துக்கு வேலை பாக்கிறவனைக் கொலைகாரனாக்கினா கை அழுகிரும்” என்பாள். பேனாவை எடுத்தார். கை தானாக எழுதியது. சபாபதி. கனகாம்புஜம் எப்போதும் வாயில் போட்டுக்கொள்கிற கற்கண்டில் விஷத்தைத் தடவிவிட்டு, கடைக்குப் போகிறேன் என்று போய், பாதி வழியில் திரும்பி வந்து கதவைத் தட்டினவன் சபாபதி. டீக்கடையில் உட்கார்ந்து நாற்பது நிமிஷம் கதையளந்த பயலை வேறு என்ன செய்யவேண்டும்? தூக்கில் போடவேண்டும். போட்டார். ஆனால் அது அவள் தீர்ப்பா? இருநூற்றுப் பத்துத் தரம் தப்பாகச் சொன்ன வாய் இது. அவள் மனசில் வேறு யாரோ இருந்து, அவள் பேரைப் போட்டு, ஒரு பொய்யை அச்சடித்து ஊருக்கெல்லாம் விற்கிறோமோ, அவளுடைய கடைசிக் கதையை நான் கெடுத்துவிட்டேனோ. யாராவது கண்டுபிடித்துவிடுவார்களோ என்று வரிசையில் வருகிற ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். யாராவது கண்டுபிடிக்கமாட்டார்களா என்றும்தான் பார்த்தார்.

நாலரை மணிக்கு வரிசை மெலிந்திருந்தது. ஒரு அம்மா வந்து நின்றாள், ஐம்பது ஐம்பத்தைந்து இருக்கும், கழுத்தில் சின்னச் சிலுவை, கையில் புத்தகம், ஆனால் கையெழுத்துக்கு நீட்டவில்லை, நெஞ்சோடு வைத்துக்கொண்டிருந்தாள். “சார், நான் ஜெபக்கனி. பெரியாஸ்பத்திரில ஹெட் நர்ஸு. பதினேழு வருஷமா உங்க கதை ஒண்ணு விடாம படிக்கேன். ஒரு வார்த்தை கேட்டா கோவிச்சுக்கிட மாட்டீங்களே?” “கேளுங்கம்மா.” “இந்தக் கடைசி அத்தியாயம் நீங்க எழுதலை.” ஆவுடையப்பன் பேனா நின்றது. “வேற யார்ட்டயோ குடுத்து எழுதி வாங்கிருக்கீங்க. நெசத்தைச் சொல்லுங்க.” ஜமால் பாய்க்குப் பொறுக்கவில்லை. “ஏம்மா, நல்ல நாளும் அதுவுமா... அண்ணாச்சி கைப்பட எழுதினதும்மா, கம்போஸ் பண்ணக் குடுத்தவன் நானு.” “நீங்க சும்மா இருங்க பாய், நான் சார்ட்டப் பேசுதேன். இருபத்தோரு அத்தியாயம் எழுதின மண்டை இந்த இருபத்திரண்டை எழுதாது. கனகாம்புஜத்தை யாரு கொன்னா? ஒருத்தரும் கொல்லலை!” “கொல்லலையா?” என்றார் ஆவுடையப்பன். தன் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது அவருக்கு. “என்ன சார் நீங்களே கேக்கீங்க? நாலாம் அத்தியாயத்துல என்ன எழுதிருக்கு? பேசறதுக்கு முன்னால நாக்குக்கு அடியில கற்கண்டு ஒதுக்குவா. கற்கண்டை யாராவது நாக்குக்கு அடியில வைப்பாளா? கன்னத்துல அதக்குவா, இல்லைன்னா கடிச்சுத் திம்பா. நாக்குக்கு அடியில வைக்கது நெஞ்சுவலி மாத்திரை. எத்தனை பேருக்கு நான் இந்தக் கையால வச்சு விட்டிருக்கேன். ஒம்பதாம் அத்தியாயத்துல மாடிப்படி ஏறயில மூணு எடத்துல நிண்ணு சுவர்ல உள்ள படத்தைப் பாக்கா. படத்தையா பாத்தா? மூச்சு வாங்கிருக்கு. படிச்ச அன்னைக்கே எங்க வார்டுல சொல்லிட்டேன், இது சீக்காளி, புருஷனுக்குத் தெரியாம மறைச்சு வச்சிருக்கா, நோவுலதான் செத்தான்னு. எவ்வளவு அழகா முடியவேண்டிய கதை! அதைப் போயி, அந்த அப்பாவி மனுஷனைத் தூக்குல போட்டு...”

நாக்குக்கு அடியில். அவள் சொல்லச் சொல்ல எழுதின கை இது. ‘கற்கண்டுன்னு எழுதுங்க’ என்றாள், சொல்லிவிட்டு ஒரு மாதிரி இவரையே பார்த்தாள், கண்டுபிடிக்கிறாரா பார்ப்போம் என்று பார்க்கிற பார்வை, மாசா மாசம் பார்க்கிற அதே பார்வை. இவரும் மாசா மாசம் போல, “தம்பிக்காரன்தானே?” என்றார். அய்ய, இந்த மூளையை வச்சுக்கிட்டு. தட்டை இறக்கி வைத்துவிட்டு எழுந்திருக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாளே, “கால் மரத்துப்போச்சு” என்பாளே. “ஏம்மா,” என்றார் மெதுவாக, “புருஷன்ட்ட எதுக்கு மறைச்சா?” “பயந்தாங்கொள்ளிப் புருஷன்லா சார்! நீங்கதான எழுதிருக்கீங்க, ஊசியைக் கண்டாலே மயங்குதவன்னு. சொன்னா அவன் ஒடுங்கிருவான். மிச்ச நாளு பூரா அவ அவனைத் தேத்திக்கிட்டே இருக்கணும். அதுக்குச் சொல்லாம, எப்பவும் போல சிரிச்சுக்கிட்டே கெடந்துட்டுப் போகலாம்னு பாத்துருக்கா.” அந்த வரியையும் அவள்தான் சொன்னாள். ஊசி வரி. சொல்லும்போது ரெண்டு பேரும் சேர்ந்தல்லவா சிரித்தார்கள். இவர் எதற்குச் சிரிக்கிறோம் என்றே தெரியாமல் சிரித்திருக்கிறார். “கொண்டி?” என்று கேட்டார். நாற்பத்தோரு நாளாக ஊனைத் தின்கிற கேள்வி அது. வலி தாங்காமல் வாசலுக்கு வந்து, கொண்டியை எடுத்து, தெருவைப் பார்த்து என்னைக் கூப்பிட்டிருப்பாள், நான் இல்லை, டீக்கடையில் இருந்தேன். “கொண்டி எடுத்திருந்துச்சே. கூப்பிட வந்தாளோ? புருஷனைக் கூப்பிட?” ஜெபக்கனி இல்லை என்று தலையை ஆட்டினாள். “கூப்பிட வந்தவ வாசல்லல்லா சார் விழுந்து கெடப்பா? திரும்பிப் போயி நாக்காலியில எதுக்கு உக்காருதா? நெஞ்சுவலிக்காரங்களை வீட்டுக்கு அனுப்பயில நாங்க சொல்லி அனுப்புவோம், ஒத்தைல இருக்கும்போது வலி வந்தா மொதல்ல கதவுத் தாழை எடுத்து விட்டுட்டு அப்புறம் உக்காருங்கன்னு. ஆளுக கதவை ஒடைச்சுக்கிட்டு வராம இருக்கணும்லா. அதைத்தான் அவ செஞ்சிருக்கா. இம்புட்டும் எழுதின உங்களுக்கு நான் சொல்லணுமாக்கும்.”

ஜெபக்கனி போனாளா, கையெழுத்து வாங்கினாளா, ஆவுடையப்பனுக்குத் தெரியாது. பாய் ஏதோ கேட்டார், “அண்ணாச்சி, அண்ணாச்சி” என்றார். இவர் விரல் சட்டைப் பைக்குள் போய் டப்பாவை எடுத்தது. நாற்பத்தோரு நாள் நெஞ்சின் மேலேயே வைத்துக்கொண்டு திரிந்த டப்பா. கொலைக்கதை எழுதுகிற மன்னர். தொடாதீக என்றாள், தொட்டார், மூடி இறுகியிருந்தது, நகத்தை விட்டு நெம்பினார். உள்ளே வெள்ளையாய் மூன்று. கற்கண்டுக்கு மூலை இருக்கும். இது வட்டமாக, தட்டையாக, நடுவிலே ஒரு கோடு. தட்டிலே ரெண்டு நூல்கண்டு இருக்கும்போதே நூல் தீர்ந்துபோச்சு என்றாளே. வலி வந்துவிட்டது அவளுக்கு, இந்தத் தரம் இது பெரிசு என்று தெரிந்துவிட்டது, இந்தப் பயந்தாங்கொள்ளியின் கண்முன்னால் வேண்டாம் என்று கடைக்கு அனுப்பியிருக்கிறாள். வந்ததும் சொல்லுதேன் என்றாள். சொல்லத்தான் சொன்னாள், நாலாம் அத்தியாயத்திலேயே சொல்லிவிட்டாள், ஒருத்தரும் கொல்லலை, புருஷன் மேலே குத்தம் இல்லை என்று சொன்னாள், அவன்தான் தன் கையாலேயே தன்னைத் தூக்கில் போட்டுக்கொண்டான். இந்தத் தரமும் தப்பு. மைக்கில் அந்தப் பொண்ணு மறுபடியும் குழல்வாய்மொழி அவர்கள் என்று ஆரம்பித்தது, ஆமாம், குழல்வாய்மொழி அவர்கள், அவர்தான், வேறு ஆள் இல்லை. தகரக் கொட்டகை மங்கிப்போய், தென்காசி வீட்டு நடுக்கூடம் வந்து நின்றது. பின்னாலேயே வந்து கொண்டி போட்டுவிட்டுப் போய் உட்கார்ந்து, இவர் செருப்புச் சத்தம் தெருமுக்கு தாண்டுகிற வரைக்கும் அவள் காது கொடுத்துக் கேட்கிறாள். பீடித் தட்டை மடியிலிருந்து இறக்குகிறாள். சுவரைப் பிடித்து எழுந்திருக்கிறாள். பத்தடி. பத்தடிக்குள் மூன்று இடத்தில் நிற்கிறாள். அந்தக் கொண்டி பழைய இரும்பு, தைப்பனியில் இறுகிக்கொள்ளும், இவரே ரெண்டு கையும் போட்டுத்தான் தூக்குவார். எதிர்வீட்டு ஓட்டின் மேலே குரங்கு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறது. அது உள்ளே வரும் என்று அவளுக்குத் தெரியும், வந்து அடுப்படியைக் கலைக்கும் என்று தெரியும், கதவு திறந்து கிடக்கிறதைப் பார்த்து அந்த மனுஷன் தெருவிலிருந்தே கத்திக்கொண்டு வருவான் என்றும் தெரியும். கத்தட்டும், பரவாயில்லை, கதவை உடைத்துக்கொண்டு வந்து என்னைப் பார்க்கவேண்டாம், எப்போதும் போல உள்ளே வரட்டும் என்று, ரெண்டு கையாலும் பிடித்து, அந்தக் கொண்டியை மெல்ல எடுத்து விட்டுவிட்டு, திரும்பிப் போய் உட்கார்ந்து, பீடித் தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.